மனநல நெருக்கடி அழைப்பு வந்தால்: நெல்லைப் பக்கம் ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் புதியவர்களுக்கு முழு வழிகாட்டி

108-ல் புதிதாகச் சேர்பவர்கள் விபத்துக் கேஸில் காட்டும் வேகத்தை மனநலக் கேஸிலும் காட்டுகிறார்கள். வண்டி நின்றதும் குதித்து இறங்கி, தெருவில் நிற்கும் நாலு பேரைத் துணைக்கு அழைத்து, ஆளை அமுக்கி ஏற்றிவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டதாகப் பெருமையாகச் சொல்வார்கள். இந்த அழைப்பில் நேரம் எடுத்துக்கொள்வதுதான் வேலையே. அதே சமயம், நேரம் எடுக்கவே கூடாத சில உடல் கோளாறுகளும் இதே தோற்றத்தில் வரும். சர்க்கரை இறங்கியவர், விஷம் குடித்தவர், தலையில் அடிபட்டவர் எல்லாருமே "பைத்தியம் பிடிச்சிருக்கு" என்றுதான் நமக்குச் சொல்லப்படுவார்கள். யாரிடம் நிதானம், யாரிடம் அவசரம் என்று பிரிக்கத்தான் கீழே உள்ள வரிசை.

உங்களுக்குக் கொடுக்கப்பட்ட நெறிமுறையும், அழைப்பு மைய மருத்துவர் போனில் சொல்வதும் இதில் எழுதியிருப்பதற்கு மேலானவை.

1. போகும் வழியிலேயே கேட்டு வைக்க வேண்டியவை

தகவல் பெரும்பாலும் ஒரே வரியில் வரும்: "ஆள் ஒரு மாதிரியாப் பேசுதான், சீக்கிரம் வாங்க." வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டவருக்குத் திரும்பப் போன் போடுங்கள்.

முதல் கேள்வி, எப்போதிலிருந்து இப்படி? பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர் மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமாகிறது என்றால் அது ஒரு கதை. நேற்று ராத்திரி வரை வயலுக்குப் போய் வந்தவர் இன்று காலையில் பெண்டாட்டியை அடையாளம் தெரியவில்லை என்கிறார் என்றால் அது முற்றிலும் வேறு கதை. இந்த ஒரு பதிலை வைத்தே குளுக்கோமீட்டரை எவ்வளவு சீக்கிரம் கையில் எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அடுத்து: கையில் அரிவாள், கம்பு, மண்ணெண்ணெய் கேன் ஏதாவது இருக்கிறதா? சர்க்கரை, வலிப்பு உண்டா? குடிப்பழக்கம் உண்டா, கடைசியாக எப்போது குடித்தார்? எதையாவது குடித்துவிட்டாரோ, விழுங்கிவிட்டாரோ என்று சந்தேகம் உண்டா?

கடைசியாக ஒன்று கேளுங்கள். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "யார் சொன்னா அவிய கேப்பாவ?" எந்த வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். சித்தப்பாவாக இருக்கலாம், மைனியாக இருக்கலாம், பழைய வாத்தியாராக இருக்கலாம். அவரை வரவழைத்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு தேடினால் அரை மணி நேரம் வீணாகும்.

ஆயுதம் இருக்கிறது என்று தெரிந்தால் போலீஸுக்கு அப்போதே சொல்லுங்கள். கிணற்று விளிம்பிலோ ஆற்றுப்பாலத்துக் கைப்பிடிச் சுவரிலோ நிற்கிறார் என்றால் தீயணைப்புத் துறைக்கும் சொல்ல வேண்டும். நம்மிடம் கயிறும் இல்லை, அதற்கான பயிற்சியும் இல்லை.

2. இறங்கும் முன் உங்கள் உடம்பில் இருப்பதைக் கழற்றுங்கள்

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைப் பட்டை, ஸ்டெதாஸ்கோப், சட்டைப் பையில் கத்தரிக்கோல், பேனா எல்லாமே எட்டிப் பிடித்து இழுக்கத் தோதானவை. ஸ்டெத் பேன்ட் பைக்குப் போகட்டும், கத்தரி வண்டியிலேயே இருக்கட்டும். பெண் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) என்றால் துப்பட்டா வேண்டாம், பின்னலைச் சுருட்டிக் கட்டுங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை குறைவு: குளுக்கோமீட்டர், பல்ஸ் ஆக்ஸிமீட்டர், தெர்மாமீட்டர், டார்ச், கையுறை, திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று. கட்டும் பட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்காதீர்கள். நீங்கள் வாய் திறக்கும் முன்பே அது பேசிவிடும்.

சைரனைத் தெருவுக்குள் திரும்பும் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். பைலட் (வண்டி ஓட்டுநர்) வண்டியை வெளியே போகும் திசையில் திருப்பி நிறுத்த வேண்டும். பின்வாங்க வேண்டி வந்தால் முட்டுச்சந்தில் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

3. வாசலில் நின்று பாருங்கள்

அரை நிமிடம் போதும். வெளியேற எத்தனை வழி? நோயாளி எங்கே, எதன் அருகில்? அடுப்படிக்குள் நிற்கிறார் என்றால் அரிவாள்மனை, இடிகல், கொதிக்கும் பானை எல்லாம் அவர் கைக்கெட்டும். பீடி சுற்றும் வீடாக இருந்தால் சொளவில் கத்தரி இருக்கும். ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் இதைக் கட்டாயம் பாருங்கள். பனையேறி வீடு என்றால் பாளை அரிவாள் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேளுங்கள். கத்தரியையும் அரிவாளையும் வீட்டுக்காரர் ஒருவர் சத்தமில்லாமல் எடுத்துப் போகட்டும்.

அவருக்கும் கதவுக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். உங்களுக்கும் வழி வேண்டும், அவருக்கும் வழி வேண்டும். வழி அடைபட்ட ஆள்தான் பாய்வார்.

பிறகு கூட்டம். நம் ஊரில் ஆம்புலன்ஸ் வந்தால் தெருவே கூடும், அதில் பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். நீங்கள் அதட்டினால் கலையமாட்டார்கள், உங்களோடு சண்டைக்கு வருவார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பிடித்து, "அண்ணாச்சி, இவிய எல்லாரையும் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க, படம் எடுக்க விடாதீங்க" என்று பொறுப்பை அவர் கையில் கொடுங்கள். ஒருவரிடம் கேட்டால் நடக்கும், கூட்டத்திடம் கேட்டால் நடக்காது.

கோவில் கொடையில் இருந்து அழைப்பு வந்தால் ஒரு விஷயம். சாமியாடுவது நோய் அல்ல. வருடா வருடம் ஆடுகிறவர்தானா என்று வீட்டாரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால், வீட்டார் திருநீறு பூசி, சாமி இறங்கும்வரை நீங்கள் தள்ளி நில்லுங்கள். விரதத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் மயங்கினாரா, அரிவாளில் ஏறிக் காலில் காயமா என்பதைப் பிறகு பார்த்தால் போதும். கொடை முடிந்து இரண்டு நாள் ஆகியும் தூங்காமல் ஆடிக்கொண்டிருக்கிறார், இதற்கு முன் ஆடியதே இல்லை என்றால்தான் அது நம் கேஸ்.

4. ஒருவர் மட்டும் பேசுங்கள்

பேசப் போவது யார் என்று வண்டியிலேயே முடிவு செய்துவிடுங்கள். மற்றவர் வாய் திறக்கக் கூடாது. மூன்று பேர் மூன்று பக்கமிருந்து "வாங்க, உக்காருங்க, ஒண்ணுமில்ல" என்றால், ஏற்கெனவே காதில் குரல் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது இன்னும் மூன்று குரல்.

இரண்டு கை நீளத் தூரம் விடுங்கள். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். கைகள் தெரியும்படி இருக்கட்டும். அவர் உட்கார்ந்தால் நீங்களும் உட்காருங்கள், ஆனால் சட்டென்று எழக்கூடிய மாதிரி.

முதல் வாக்கியத்தில் நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்பது இருக்க வேண்டும். "அண்ணாச்சி, நான் ஆஸ்பத்திரி வண்டில இருந்து வாரேன். உங்கள யாரும் அடிக்க மாட்டாவ. இங்கன உக்காரலாமா?" முறை வைத்துக் கூப்பிடுங்கள். வயதானவரைத் தாத்தா, ஆச்சி என்றும், நடுவயதுக்காரரை அண்ணாச்சி, அக்கா என்றும், பையனைத் தம்பி என்றும். வீட்டார் அவரை "ஏல, வால" என்று கூப்பிடலாம். அந்த உரிமை உங்களுக்கு இல்லை. பேச்சுக் கொடுக்கத் தொடங்கும் புதியவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். மனநோய் வந்தவர் என்றதும் மரியாதை தானாக இறங்கிவிடுகிறது. அவருக்கு அது உடனே புரியும்.

ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, சின்னக் கேள்வி. பதிலுக்குக் காத்திருங்கள். மனம் குழம்பியிருப்பவர் நம் கேள்வியை வாங்கிப் பதில் சொல்லக் கூடுதல் நேரம் ஆகும். அந்த மௌனத்தில் அடுத்த கேள்வியைத் திணித்தால் இரண்டும் வீண்.

அவர் நம்புவதை மறுக்கவும் வேண்டாம், ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். மனைவியைக் காட்டி, "எஞ் சோத்துல வெசம் வச்சிருக்கா" என்கிறார். "அப்படியெல்லாம் இல்ல" என்றால் நீங்களும் அவளோடு சேர்ந்தவர். "ஆமா, நாங்க அவளப் பிடிச்சிட்டுப் போறோம்" என்றால் அது பொய், அதோடு ஒருவர் உயிருக்கு ஆபத்து. "அப்படித் தோணினா பயமாத்தான இருக்கும். சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேளுங்கள். அவர் பயத்துக்கு மதிப்புக் கொடுத்தாயிற்று, உங்களுக்கு வேண்டிய மருத்துவத் தகவலும் கிடைத்தாயிற்று. மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் எதற்கு என்று இப்போது விளங்கியிருக்கும்.

குரல் உயர்ந்துகொண்டே போவது, மேலும் கீழும் நடப்பது, முஷ்டி இறுகுவது, பார்வை ஒரே பொருள்மேல் நிலைகுத்துவது ஆகியவை தெரிந்தால் பேச்சை நிறுத்திப் பின்னால் நகருங்கள். வெளியே போய் நிற்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

5. உடம்பைப் பாருங்கள்: இதுதான் உயிர் காக்கும் படி

ஆள் ஓரளவு அடங்கி, கையைக் கொடுக்கச் சம்மதித்ததும் முதலில் சர்க்கரை பாருங்கள். பழைய மனநோயாளி என்று ஊரே சொன்னாலும் பாருங்கள். மனநோய் இருப்பவருக்கும் சர்க்கரை இறங்கும். 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் குளுக்கோஸ் கரைசலோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவரைக் கேட்டு நரம்பு வழியாகத்தான். குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் அதையும் சொல்லுங்கள், தயமின் (வைட்டமின் பி1) தேவைப்படும்.

பிறகு ஆக்சிஜன் அளவு, நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், கண்மணி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. விரலில் மாட்டுவதை முதலில், கையில் இறுக்குவதைக் கடைசியில். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

கீழே உள்ளவற்றில் எது தெரிந்தாலும் அது உடல் கோளாறு என்று வைத்துக்கொண்டு நகருங்கள்: திடீரென்று தொடங்கியது, நாற்பது வயதுக்கு மேல் முதல் தடவை, நினைவு தெளிந்தும் மங்கியும் மாறி மாறி வருவது, இது எந்த ஊர், பகலா இரவா என்றே தெரியாமை, காதில் குரல் கேட்பதைவிடக் கண்ணுக்கு உருவங்கள் தெரிவது, காய்ச்சல், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்வது.

இந்தப் பக்கம் அடிக்கடி ஏமாற்றுபவை சில.

குடியை நிறுத்தியவர். கார்த்திகையில் மாலை போட்டு, அன்றோடு குடியை விட்டவர் மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது, போலீஸ் வந்திருக்கிறது என்று கத்துவார். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நாடி ஓடும். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கும், காவலில் வைக்கப்பட்டவருக்கும் இதே கதைதான். வலிப்பு முதல் இரண்டு நாளில் வரும், இந்தக் குழப்ப நிலை பெரும்பாலும் இரண்டாவது முதல் நான்காவது நாளுக்குள். வீட்டார் "சாமி குத்தம்" என்பார்கள். உயிரை எடுக்கக்கூடிய நோய் இது. கடைசிக் குடி எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளை பெற்ற இரண்டு வாரத்துக்குள் தாய் தூங்காமல் ஏதேதோ பேசுவது. மனநோயாகவும் இருக்கலாம், பிரசவத்துக்குப் பின் தொற்றால் வரும் சூதகக் காய்ச்சலாகவும் இருக்கலாம், மூளை ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம், ரத்த அழுத்தம் ஏறி வலிப்புக்கு முந்தைய நிலையாகவும் இருக்கலாம். காய்ச்சலும் பி.பி.யும் கட்டாயம் பாருங்கள். குழந்தையை அவளோடு தனியாக விடாதீர்கள், பிடுங்கிக்கொண்டும் ஓடாதீர்கள். பாட்டி மடியில், தாய் கண்ணுக்குத் தெரிய, வண்டியிலேயே வரட்டும்.

முதியவர். நேற்றுவரை தெளிவாக இருந்த ஆச்சி இன்று உளறினால் மூத்திரத் தொற்று, உப்புச் சத்து இறங்கியது, பக்கவாதம் மூன்றையும் நினையுங்கள். சித்திரை வெயிலில் காட்டு வேலைக்குப் போய் வந்து உளறுபவருக்குத் தோல் தொட்டால் கொதிக்கும். அது வெப்பவாதம், துணியைத் தளர்த்தி, தண்ணீர் தெளித்து விசிறியபடி கொண்டுபோங்கள்.

கழுத்து திருகியவர். கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் மேலே செருகி, நாக்கு இழுத்துக்கொண்டிருக்கும். ஆனால் நினைவு முழுக்கத் தெளிவாக இருக்கும். வீட்டார் பேய் என்று வேப்பிலையோடு நிற்பார்கள். மனநோய்க்கான ஊசியோ மாத்திரையோ புதிதாகத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் வரும் பக்கவிளைவு இது. வாந்திக்குப் போடும் சில ஊசிகளாலும் வரும். ஆஸ்பத்திரியில் ஒரு மாற்று ஊசியில் இறங்கிவிடும். மூச்சு இறுகுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள்.

ஊமத்தை உள்ளே போனவர்: தோல் காய்ந்து சூடாக, கண்மணி விரிந்து, காற்றில் எதையோ பிடுங்கிக்கொண்டிருப்பார். பூச்சிமருந்துக்காகச் சிறிய ஆஸ்பத்திரியில் அட்ரோபின் என்ற முறிவு மருந்து ஏற்றி மேலே அனுப்பப்பட்டவரும் இதே மாதிரி இருப்பார். அவர் முரண்டு பிடிப்பதைப் பார்த்து மனநோய் என்று எழுதிவிடாதீர்கள்.

6. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள்

கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். "சாகணும்னு தோணுதா?" என்றே கேளுங்கள். "ஆமா" என்றால், எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா, இதற்கு முன் முயன்றிருக்கிறாரா என்று வரிசையாகக் கேளுங்கள். பிளஸ் டூ பிள்ளைகளிடமும் புதிதாகக் கல்யாணமான பெண்களிடமும் வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால்தான் உண்மை வரும்.

ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்தால் நிதானம் எல்லாம் முடிந்தது. வண்டி நகர வேண்டும். எலி பேஸ்ட் விழுங்கியவர் ஒன்றிரண்டு நாள் நன்றாகவே இருப்பார், பிறகுதான் கல்லீரல் கெடும். "ஆள் நல்லாத்தான இருக்கான்" என்று வீட்டார் நிறுத்தப் பார்ப்பார்கள், விடாதீர்கள். அரளி விதை நாடியைக் குறைத்து இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். நாடியைத் தொடர்ந்து எண்ணுங்கள். பூச்சிமருந்து என்றால் கண்மணி சுருங்கி, எச்சில் ஒழுகி, வியர்த்திருக்கும். நனைந்த துணியை மாற்றி உடம்பைக் கழுவுங்கள், கையுறை அவசியம். உப்புத்தண்ணி, சோப்புத்தண்ணி, சாணித்தண்ணி எதையும் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க விடாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையோ அட்டையையோ பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வாருங்கள்.

கயிற்றில் இருந்து இறக்கப்பட்டவர் கைகாலை உதறி முரண்டு பிடித்தால் மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். கழுத்தை அசைக்காமல் ஆக்சிஜன் வையுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் குடும்பம் மறைக்கும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடுவார்கள், அது பதிவுக்குத்தான், தண்டிக்க அல்ல என்று விளக்குங்கள். பெரும்பாலும் அதன் பிறகு உண்மையான பாட்டில் வெளியே வரும்.

7. ஏற்கெனவே கட்டிப் போட்டிருந்தால்

திண்ணைத் தூணிலோ வேப்பமரத்திலோ தேங்காய்க் கயிற்றால் கட்டிவைத்துவிட்டுத்தான் பல இடங்களில் நமக்குப் போன் செய்வார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். விடிய விடியப் பிடித்துப் பார்த்துக் கை சோர்ந்தவர்கள் அவர்கள்.

முதலில் மூச்சு. பிறகு கட்டுக்குக் கீழே விரல்கள் நீலமாகி இருக்கின்றனவா, மரத்துப் போய்விட்டனவா என்று பாருங்கள். பேச்சுக் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, அதன் பிறகு ஒரு கட்டு. ஐந்து நிமிடம் விட்டு அடுத்த கட்டு. மொத்தமாக அவிழ்த்தால் ஓடுவார், அவிழ்க்கவே மாட்டேன் என்றால் உங்களை நம்பமாட்டார். சங்கிலி என்றால் அதே சட்டத்தின் 95-ஆம் பிரிவு எந்த விதத்திலும் கூடாது என்கிறது. சாவி வாங்கிக் கழற்றிய பிறகே வண்டிக்கு.

வெகு நேரம் கட்டப்பட்டிருந்தவர் அடிபட்டும் இருப்பார். சட்டையைத் தூக்கி முதுகையும் விலாவையும் பாருங்கள், தலையைத் தடவிப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள்.

8. பொய் சொல்லி ஏற்றாதீர்கள்

"குற்றாலத்துக்குக் குளிக்கப் போறோம்னு சொல்லுங்க சார், வந்துருவான்" என்பார்கள். வருவார்தான். பாளையில் (பாளையங்கோட்டை) ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததும் வண்டிக்குள் நடப்பதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்; அடுத்த முறை அவர் எந்த வண்டியிலும் ஏறமாட்டார். காப்பியில் மாத்திரை கலப்பதும் இதே வகைதான்.

உண்மையைச் சொல்லி, சின்னச் சின்னத் தேர்வுகளை அவர் கையில் கொடுங்கள். "பாளை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம், டாக்டர் பாப்பாவ. நடந்து வாரீங்களா, படுத்துக்கிடுதீங்களா? கூட யாரு வரணும், மைனியா, சித்தப்பாவா?" போவதா இல்லையா என்பது கேள்வியில் இல்லை, எப்படிப் போவது என்பது மட்டும்தான்.

தெளிவான நிலையில், யாருக்கும் ஆபத்தில்லாமல், வரமாட்டேன் என்கிறவரை இழுத்துப்போக நமக்கு அதிகாரம் இல்லை. மருத்துவரிடம் போனில் பேசவையுங்கள், மறுத்ததை எழுதுங்கள். உயிருக்கோ அடுத்தவருக்கோ பெரும் ஆபத்து என்றால் அதே மனநலச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு பொருந்தும். பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசரச் சிகிச்சை தரலாம். பக்கத்து மனநல நிலையத்துக்குக் கொண்டுபோவதும் அதில் அடங்கும். உச்சபட்சம் 72 மணி நேரம். முடிவு மருத்துவருடையது, அதனால் போன் போட்டு அவர் சொன்னதை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் ஆதரவின்றித் திரிபவர் என்றால் 100-ஆம் பிரிவின்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்ப்பது காவல் நிலையத்தின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது.

9. பிடித்தே ஆக வேண்டும் என்றால்

பேசிப் பார்த்து, காத்திருந்து, வேறு வழியே இல்லை, இப்போதே யாருக்காவது அடிபடும் என்ற நிலையில் மட்டும். ஐந்து பேர் வேண்டும்: கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு, தலைக்கு ஒருவர். தலைமாட்டில் இருப்பவரே பேசுபவர், மூச்சைக் கவனிப்பவரும் அவரே. ஆள் குறைவாக இருந்தால் தொடங்காதீர்கள். பெண் நோயாளி என்றால் பெண் காவலரோ வீட்டுப் பெண்களோ பக்கத்தில் இருக்க வேண்டும். சேலை விலகினால் மூடப் போர்வை தயாராக இருக்கட்டும்.

மல்லாக்கப் படுக்கவைத்துத் தலைப்பக்கம் உயர்த்துங்கள். வாந்தி வரும் என்றால் ஒருக்களித்து. குப்புறப் போடவே கூடாது. முதுகில், நெஞ்சில், கழுத்தில் முழங்காலோ பாரமோ கூடாது. முகத்தில் துண்டைப் போடக் கூடாது. துப்புகிறார் என்றால் நீங்கள் மாஸ்க் போடுங்கள். போராடிக் களைத்தவருக்கு உடம்பில் அமிலம் கூடியிருக்கும், மூச்சு ஒன்றுதான் அதை வெளியேற்றும். அதையும் அமுக்கினால் இதயம் நின்றுவிடும்.

அகலமான துணிப் பட்டைகளை ஸ்ட்ரெச்சரின் அசையாத சட்டத்தில் கட்டுங்கள், பக்கக் கம்பியில் அல்ல. ஒரு கை தலைக்கு மேல், ஒரு கை இடுப்போரம் என்று கட்டினால் திமிறும் பலம் குறையும். பட்டைக்குள் இரண்டு விரல் போக வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரல் நிறம், சூடு, நாடி பார்த்து நேரத்தோடு எழுதுங்கள்.

திமிறிக்கொண்டிருந்தவர் சட்டென்று அமைதியானால் "அடங்கிட்டான்" என்று மூச்சு விடாதீர்கள். அவர் மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள்.

ஊசி என்பது மருத்துவர் சொன்னால் மட்டும். சொல்லும்போது குடித்திருக்கிறாரா, வேறு மாத்திரை உண்டா என்பதை முதலில் தெரிவியுங்கள். போதையோடு மயக்க ஊசி சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். போட்ட பிறகு ஆக்சிமீட்டர் விரலை விட்டு இறங்கக் கூடாது.

10. பயணம்

பாபநாசத்தில் இருந்தோ ராதாபுரத்தில் இருந்தோ பாளைக்கு வருவது குறைந்த தூரம் அல்ல. ஐந்தாம் படியில் சொன்ன உடல் அறிகுறி எது இருந்தாலும் முதலில் பக்கத்து அரசு மருத்துவமனை. மனநலப் பிரிவு பிறகு. உடல் சரியாக இருந்தால் மட்டும் மனநல மருத்துவர் இருக்கும் இடத்துக்கு நேராக.

சைரன் வேண்டாம், உள் விளக்கு மங்கலாக இருக்கட்டும். கண்ணாடி மருந்துக் குப்பிகள், ஆக்சிஜன் சாவி, தொங்கும் ஸ்டாண்டு எல்லாம் ஏற்கெனவே உள்ளே போயிருக்க வேண்டும். உறவினர் ஒருவர் மட்டும், அதுவும் அவர் சந்தேகப்படாத ஆள். சோற்றில் விஷம் வைத்ததாகச் சொல்லப்பட்ட மனைவி வேறு வண்டியில் வரட்டும். கட்டியிருந்தால் போலீஸ் ஒருவர் உள்ளே வருவது நல்லது.

ஓடும் வண்டியில் கதவை நோக்கிப் பாய்ந்தால் மல்லுக்கட்டாதீர்கள். பைலட்டிடம் சொல்லி ஓரம்கட்டுங்கள். நான்குவழிச் சாலையில் ஓரம்கட்டிய பிறகும் சாலைப் பக்கக் கதவைத் திறக்கவே வேண்டாம்.

11. ஒப்படைப்பது

கேஷுவாலிட்டியில் "மென்டல் கேஸ் டாக்டர்" என்று சொன்ன கணத்தில் அடுத்தவர்கள் உடம்பைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். பட்டம் சொல்லாமல் பார்த்ததைச் சொல்லுங்கள்: "நாப்பத்தஞ்சு வயசு, மூணு நாளா தூங்கல, நேத்து ராத்திரியில இருந்து உருவம் தெரியுதுன்னு சொல்றார், சுகர் 112, காய்ச்சல் இல்ல, நாடி 124, கை நடுக்கம், கடைசியாக் குடிச்சது ஞாயித்துக்கிழம." இதைக் கேட்ட மருத்துவர் அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்பார்.

கட்டியிருந்தால் எத்தனை மணிக்கு, ஏன், யார் சொல்லி என்பது படிவத்தில் இருக்க வேண்டும். சாப்பிட்டுவந்த மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டையும் கையில் கொடுங்கள். சாகும் எண்ணத்தைப் பற்றி அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "மனவருத்தம்" என்று சுருக்கி எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கிளம்பும் முன் வீட்டார் ஒருவரிடம் 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணை எழுதிக் கொடுங்கள். எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, எலி பேஸ்ட், சேர்த்துவைத்த மாத்திரை எல்லாவற்றையும் ஆள் திரும்பி வருவதற்குள் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். இதை ஆஸ்பத்திரியில் சொல்ல மறந்துவிடுவார்கள், அதனால் நீங்கள் சொல்லிவிடுங்கள். பிறகு பட்டைகளைத் துவைக்கப் போட்டு, குளுக்கோமீட்டரில் எத்தனை ஸ்ட்ரிப் மீதம் இருக்கிறது என்று பார்த்து வண்டியை எடுங்கள்.